ஃபூட்டி ஃபேண்டஸியில் புதுப் பையன்களை எடைபோடுவது எப்படி?

மெல்பர்னில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், அலுவலக ஃபூட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) ஃபேண்டஸி லீக்கில் ஒரு ஆள் குறைகிறது, வருகிறாயா என்று கேட்டார்கள். ஐபிஎல் ஃபேண்டஸி ஆடியவன்தானே, இதில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று தலையாட்டிவிட்டேன். லீக்கில் இருப்பவர்கள் முறை வைத்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் இரவுக்கு முன்னால் மூன்று நிமிட வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. எதிரணிக்காரன் தோளில் முட்டி வைத்து ஏறி, அந்தரத்தில் பந்தைப் பிடிக்கிறான் ஒரு 18 வயதுப் பையன். மயங்கிப்போய் இரண்டாவது சுற்றிலேயே அவனை எடுத்தேன். மேசையைச் சுற்றி ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது, ஏனென்று அன்றைக்குப் புரியவில்லை. அந்த சீசனில் அவன் நாலு ஆட்டம் ஆடினான். ஒன்றில்கூட 50 புள்ளியைத் தாண்டவில்லை. நான் கடைசி இடம்.

பையன் மோசமான ஆட்டக்காரன் இல்லை. நான்தான் தப்பான கேள்வியைக் கேட்டிருந்தேன். "இவன் நல்ல ஆட்டக்காரனாக வருவானா?" என்று பார்ப்பது கிளப்புகளின் வேலை. நாம் கேட்க வேண்டியது: இவன் பந்தை எத்தனை தடவை தொடுவான், களத்தில் எங்கே நிறுத்தப்படுவான், எப்போது ஆட வாய்ப்புக் கிடைக்கும்? இந்த மூன்றைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை முழுக்க.

புள்ளிக் கணக்கை மனப்பாடம் செய்துவிடுங்கள்

ஃபூட்டியின் பெரிய லீக்கான ஏஎஃப்எல்-இன் ஃபேண்டஸியில் ஒரு கிக்குக்கு 3 புள்ளி, ஹேண்ட்பாலுக்கு (பந்தைக் கையால் குத்திக் கொடுப்பது) 2, மார்க்குக்கு (உதைத்த பந்தை அந்தரத்தில் பிடிப்பது) 3, டேக்கிளுக்கு (பந்து வைத்திருப்பவனை மடக்கிப் பிடிப்பது) 4. கோலுக்கு 6, கோல் தவறிப் பக்கத்துக் கம்பங்களுக்கு இடையே போகிற பிஹைண்டுக்கு 1, நடுவர் போடும் பந்துக்கு எம்புகிற உயரமான ரக் ஆட்டக்காரன் அதைத் தட்டிவிடும் ஹிட்அவுட்டுக்கு 1. ஃப்ரீ கிக் வாங்கினால் 1 கூடும், கொடுத்தால் 3 குறையும். அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு முன்வரிசைப் பையன் 7 கிக், 3 ஹேண்ட்பால், 4 மார்க், 1 டேக்கிள், 3 கோல், 1 பிஹைண்ட் என்று ஆடுகிறான். மறுநாள் செய்தியில் அவன் படம்தான் வரும். கூட்டிப் பாருங்கள்: 62. அதே ஆட்டத்தில் ஹாஃப்-பேக்கில், அதாவது பின்களத்துக்கும் நடுக்களத்துக்கும் இடையே நின்ற இன்னொருவன் 15 கிக், 9 ஹேண்ட்பால், 8 மார்க், 2 டேக்கிள். அவன் பெயரை வர்ணனையாளர் ஏழெட்டுத் தடவை அலுப்பாகச் சொல்லியிருப்பார், அவ்வளவே. அவனுக்கு 95. கும்பலுக்குள் புகுந்து பந்தை எடுக்கிற நடுக்களக்காரன் 8 கிக், 17 ஹேண்ட்பால், 2 மார்க், 8 டேக்கிள் என்றால் 96. அதில் மூன்றில் ஒரு பங்கு டேக்கிளில் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

பழைய ஆட்கள் "பிளஸ் சிக்ஸ்" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். யாரும் நெருங்காமல் ஒரு மார்க் பிடித்து, அப்படியே ஒரு கிக் அடித்தால் 3-ம் 3-ம் ஆறு. ஒரு கோலுக்குச் சமம். பின்களத்தில் நின்று பக்கவாட்டில் பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருக்கிற அணியில் இந்த ஆறுகள் மழை மாதிரி கொட்டும். பார்ப்பதற்கு அலுப்பு, எண்ணுவதற்கு இனிப்பு.

சூப்பர்கோச் என்ற இன்னொரு ஃபேண்டஸி விளையாட்டை ஆடுகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. அதில் ஒரு ஆட்டத்துக்கு மொத்தம் 3,300 புள்ளி, அதைச் சாம்பியன் டேட்டா நிறுவனம் ஆட்டக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். போராடி எடுத்த பந்துக்கு மதிப்பு அதிகம், எதிரணிக்குப் போய்ச் சேர்கிற உதைக்கு அடி விழும். ஆகவே ஒரே பையன் ஒரு விளையாட்டில் தங்கமாகவும் இன்னொன்றில் தகரமாகவும் இருப்பான். ஒருவர் எழுதும் பட்டியலை நம்புவதற்கு முன் அது எந்த விளையாட்டுக்கான பட்டியல் என்று பார்த்துவிடுங்கள். நான் ஒரு வருஷம் இதிலும் வழுக்கி விழுந்திருக்கிறேன்.

உங்கள் லீக் எந்த வகை?

கிளாசிக் என்றால் சம்பள வரம்புக்குள் அணி கட்ட வேண்டும், ஒரே ஆட்டக்காரனை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். டிராஃப்ட் லீக்கில் ஒருவர் எடுத்த ஆள் மற்றவர்க்கு இல்லை. கீப்பர் லீக்கில் எடுத்த ஆட்களை வருஷா வருஷம் வைத்துக்கொள்ளலாம். புதுப் பையன்களைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டியது கீப்பரில்தான். கிளாசிக்கிற்குக் கடைசியில் வருகிறேன்.

பையன்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

நிஜக் கிளப்புகள் முறை வைத்துப் புதுப் பையன்களை எடுக்கும் தேசிய டிராஃப்ட் நவம்பரில் நடக்கும். புள்ளிப் பட்டியலில் கடைசியாக வந்த அணிக்கு முதல் பிக், அதாவது முதல் தேர்வு. அந்த வருஷம் டிசம்பர் 31-க்குள் 18 வயது நிறைகிறவர்கள் தகுதி பெறுவார்கள். இங்கே ஒரு நுணுக்கம்: ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே டிராஃப்டில் வருவார்கள், ஆனால் நடுவில் கிட்டத்தட்ட ஒரு வயது இடைவெளி. 17 வயதில் ஒரு வருஷம் என்பது உடம்பில் எவ்வளவு மாற்றம் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் நான் முதலில் பார்ப்பது பிறந்த தேதி. ஜாதகம் பார்ப்பது போலத்தான்.

பையன்கள் ஆடும் இளையோர் போட்டிகள் இவை: விக்டோரியாவில் கோட்ஸ் டேலண்ட் லீக், தெற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்ஏஎன்எஃப்எல்-இன் 18 வயதுக்குட்பட்டோர் போட்டி, மேற்கில் டபிள்யூஏஎஃப்எல் கோல்ட்ஸ். நடு வருஷத்தில் தேசிய 18 வயதுக்குட்பட்டோர் சாம்பியன்ஷிப் வரும். விக் மெட்ரோ (விக்டோரியாவின் நகரப் பகுதி), விக் கன்ட்ரி (அதன் ஊரகப் பகுதி), தெற்கு, மேற்கு, மீதி மாநிலங்களைச் சேர்த்த அல்லைஸ் என்று ஐந்து அணிகள். இதில் சிறந்த ஆட்டக்காரருக்கு லார்க் மெடல். நேரம் குறைவு என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் பாருங்கள், ஏனென்றால் நல்ல பையன்கள் நல்ல பையன்களோடு மோதுவது இங்கேதான்.

அக்டோபரில் டிராஃப்ட் கம்பைன் என்ற உடல்திறன் சோதனை. 20 மீட்டர் ஓட்டம், எம்பிக் குதித்தல், 2 கிலோமீட்டர் ஓட்டம் என்று அளப்பார்கள். 20 மீட்டர் எண்ணுக்குத்தான் ஆரவாரம். ஃபேண்டஸிக்கு நான் பார்ப்பது 2 கிலோமீட்டரை. நாலாவது குவார்ட்டரிலும் ஓடி ஓடி அடுத்த பந்துக்குப் போகிறவனுக்குத்தான் எண்ணிக்கை ஏறும்.

ஒரு பையன், ஒரு குவார்ட்டர், ஒரு பென்சில்

ஹைலைட்ஸ் வீடியோவைத் தொடாதீர்கள். முழு ஆட்டம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒரு குவார்ட்டர் முழுக்க ஒரே பையனை மட்டும் பாருங்கள். பந்து எங்கே போனாலும் கண் அவன் மேல் இருக்கட்டும். மைதானத்துக்கே போக முடிந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கேமரா பந்தைத்தான் துரத்தும். ஞாயிறு காலைக் குளிரில் பிளாஸ்க்கில் டீயோடு வேலி ஓரம் நின்றால், பக்கத்தில் நிற்கிற பெரியவரே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவார்.

என் நோட்டில் ஒரு பக்கத்துக்கு நாலு கட்டம் இருக்கும். முதல் கட்டம், சென்டர் பவுன்ஸ்: நடுவட்டத்தில் ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் அவன் உள்ளே நிற்கிறானா, வெளியே நிற்கிறானா? இரண்டாவது, பந்தைக் கொடுத்த பிறகு அவன் என்ன செய்கிறான்? இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஹேண்ட்பால் கொடுத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்கிறவன் ஒரு ரகம். கொடுத்த கையோடு பந்தை வாங்கியவனைத் தாண்டி ஓடி, "திருப்பிக் கொடு" என்று கை நீட்டுகிறவன் இன்னொரு ரகம். ஒரே நகர்வில் இரண்டு தடவை பந்து தொடுகிற அந்தப் பழக்கம் 17 வயதில் இருந்தால் 25 வயதிலும் இருக்கும்.

மூன்றாவது கட்டம், கூட்டாளிகள் அவனைத் தேடுகிறார்களா? பின்களத்தில் பந்தைப் பிடித்தவன் தலையைத் தூக்கியதும் முதலில் யாரைப் பார்க்கிறான் என்று கவனித்தால் தெரியும். நாலாவது, பந்து எதிரணி கையில் இருக்கும்போது துரத்துகிறானா? டேக்கிளுக்கு 4 புள்ளி என்பது மறக்க வேண்டாம். 2021 நடு சீசன் டிராஃப்டில் ஹாதார்ன் எடுத்த ஜெய் நியூகோம் முதல் ஆட்டத்திலேயே 14 டேக்கிள் போட்டார். கணக்குப் போடுங்கள், டேக்கிளில் மட்டும் 56.

இப்படி ஒரு குவார்ட்டர் பார்த்து முடித்ததும் கழுத்து வலிக்கும். ஆனால் பத்து வீடியோ பார்த்ததைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

எண்களை நம்பலாம், கொஞ்சம் உப்புப் போட்டு

இளையோர் போட்டியில் 30 டிஸ்போசல் (கிக்கும் ஹேண்ட்பாலும் சேர்ந்த எண்ணிக்கை) என்று பார்த்தவுடன் துள்ள வேண்டாம். பெரும்பாலான நல்ல பையன்கள் அங்கே நடுக்களத்தில்தான் ஆடுவார்கள், பெரிய லீக்கில் அந்த இடம் உடனே கிடைக்காது. எத்தனை ஆட்டத்தில் வந்த சராசரி என்பதையும் பார்க்க வேண்டும். மெல்பர்னின் பெரிய தனியார் பள்ளிகளில் படிக்கிற பையன்கள் சீசனின் ஒரு பகுதியைப் பள்ளி அணிக்காக ஆடிவிடுவார்கள், டேலண்ட் லீக்கில் அவர்களுக்கு நாலைந்து ஆட்டம்தான் இருக்கும்.

பெரியவர்களோடு ஆடிய எண்கள் கிடைத்தால் அதற்கு நான் இரட்டிப்பு மதிப்புக் கொடுப்பேன். 2021-இல் முதல் பிக்காகப் போன ஜேசன் ஹோர்ன்-ஃபிரான்சிஸ் அதற்கு முன்பே சவுத் அடிலெய்டு என்ற மாநில லீக் கிளப்பின் சீனியர் அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். தாடி வைத்த ஆண்களுக்கு நடுவே 17 வயதில் 15 தடவை பந்து எடுப்பது, தன் வயதுப் பையன்களுக்கு நடுவே 30 தடவை எடுப்பதைவிடப் பெரிய விஷயம் என்பது என் கட்சி.

உயரம் குறைவு என்று யாரையாவது கிளப்புகள் ஒதுக்கினால் அங்கே கண் வையுங்கள். லாக்கி நீல் 2011 டிராஃப்டில் 58-வது பிக்காக ஃப்ரீமேன்டிலுக்குப் போனார். பிறகு பிரிஸ்பேனுக்கு மாறி 2020-இலும் 2023-இலும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ மெடல் வாங்கினார். 168 சென்டிமீட்டர் உயரமுள்ள கேலப் டேனியல் லார்க் மெடல் வாங்கியும் 2014 டிராஃப்டில் 46-வது பிக் வரை காத்திருந்தார்.

எங்கே நிறுத்துவார்கள்?

இதுதான் விஷயத்தின் மையம். ஹாரி ஷீசலை எடுத்துக்கொள்ளுங்கள். சாண்ட்ரிங்கம் டிராகன்ஸில் கோல் அடிக்கிற முன்வரிசைப் பையனாகத்தான் அவர் பேசப்பட்டார். 2022 டிராஃப்டில் மூன்றாவது பிக், நார்த் மெல்பர்ன். முன்வரிசைப் பையன், அதுவும் தோற்றுக்கொண்டே இருக்கிற அணியில், பந்து அந்தப் பக்கமே வராது என்று பலரும் தள்ளிவைத்தார்கள். நானும்தான். கிளப் என்ன செய்தது? அவரை ஹாஃப்-பேக்கில் நிறுத்தியது. முதல் ஆட்டத்திலேயே 34 டிஸ்போசல். லீக்கின் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கான 2023-இன் ரைசிங் ஸ்டார் விருதும், கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் பதக்கமும் அவருக்கே. தோற்கிற அணி என்பது பாதகம் என்று நினைத்தோம், ஆனால் எதிரணி அடித்து அடித்து அனுப்பும் பந்தெல்லாம் ஹாஃப்-பேக்கில் நிற்பவன் கைக்குத்தானே வரும்!

நிக் டேக்கோஸும் அப்படித்தான். 2021-இல் காலிங்வுட் அவரை நாலாவது பிக்கில் எடுத்தது. அப்பா பீட்டர் டேக்கோஸ் அதே கிளப்பின் பெரிய ஆட்டக்காரர், அதனால் தந்தை-மகன் விதியின்படி முதல் உரிமை அவர்களுக்கு. 2022-இல் பெரும்பாலும் ஹாஃப்-பேக், ரைசிங் ஸ்டார், பிறகுதான் நடுக்களம். நன்றாக உதைக்கத் தெரிந்த பையனைக் கொஞ்சம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பந்தைக் கையில் கொடுத்துப் பழக்குவது பயிற்சியாளர்களுக்குப் பிடித்த வழி. ஆகவே "நடுக்களப் பையன், ஆனால் ஹாஃப்-பேக்கிலும் ஆடியிருக்கிறான்" என்று எங்காவது படித்தால் அடிக்கோடு போடுங்கள். பிஹைண்டுக்குப் பிறகு ஆட்டத்தைத் தொடங்கும் கிக்-இன் வேலையும் அவனிடம் வந்தால் இன்னும் விசேஷம். கோல் சதுரத்துக்குள் நின்றபடியே உதைத்தால் கணக்கில் வராது, வெளியே ஓடி வந்து உதைத்தால் ஒரு கிக்காக எண்ணுவார்கள்.

அதே சமயம், புகழ் வேறு புள்ளி வேறு. 2023-இன் முதல் பிக் ஹார்லி ரீட். வெஸ்ட் கோஸ்ட் ரசிகர்கள் அவருக்காகவே மைதானத்துக்குப் போனார்கள். எதிரியைத் தள்ளிவிட்டு ஓடுகிற அழகுக்கு நானும் ரசிகன். ஆனால் ஷீசலோ டேக்கோஸோ முதல் சீசனில் குவித்த ஃபேண்டஸி புள்ளி அவரிடமிருந்து வரவில்லை. நடுக்களத்துக்கும் முன்வரிசைக்கும் இடையே மாறி மாறி ஆடினார், ஒரு டேக்கிளுக்காகத் தடையும் வாங்கினார்.

கிளப்பின் பட்டியலையும் திறந்து பாருங்கள். பையனின் இடத்தில் ஏற்கெனவே மூன்று பேர் 26 வயதில் நின்றால் அவன் மாநில லீக்கில்தான் காலம் தள்ளுவான். 2028-இல் டாஸ்மேனியா 19-வது அணியாக வருகிறது. 2011-இல் கோல்ட் கோஸ்ட்டும் 2012-இல் ஜிடபிள்யூஎஸ்ஸும் (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) புது அணிகளாக வந்தபோது 18, 19 வயதுப் பையன்கள் கும்பலாகக் களத்தில் இறக்கப்பட்டார்கள். கீப்பர் லீக் ஆடுகிறவர்கள் அதை இப்போதே மனதில் வைக்கலாம்.

எவ்வளவு காலம் காத்திருக்கலாம்?

நடுக்களப் பையன்களுக்கு இரண்டு மூன்று சீசன். உயரமான முன்வரிசைக்காரர்களைக் கீப்பரில்கூட நான் தொடுவதில்லை, கோலை நம்பிப் புள்ளி சேர்ப்பது மழையை நம்பி விதைப்பது போல. ரக் ஆட்டக்காரனுக்கு இன்னும் பொறுமை வேண்டும். இன்றைக்கு எல்லாரும் கொண்டாடும் மேக்ஸ் கான் 2009-இல் 34-வது பிக். முழங்கால் காயங்களைக் கடந்து, அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு அறிவிக்கும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் முதன்முதலாக இடம் பிடித்தது 2016-இல். அத்தனை வருஷம் உங்கள் பட்டியலில் ஒரு இடத்தை அடைத்துக்கொண்டு வைத்திருப்பீர்களா? நான் மாட்டேன். வேறு யாராவது வளர்க்கட்டும், 22 வயதில் மாற்று வியாபாரம் பேசி வாங்கிக்கொள்வேன்.

காயம் என்று வந்தால் கதை நேர்மாறு. மற்றவர்கள் பயந்து விற்கும் நேரம் அது. மேட் ரோவெல் 2019-இன் முதல் பிக். 2020-இல் தொடக்க ஆட்டங்களில் தூள் கிளப்பி, ஐந்தாவது சுற்றில் தோள்பட்டை போய் சீசன் முடிந்தது. அடுத்த இரண்டு மூன்று வருஷம் பலர் அவரைக் கைவிட்டார்கள். 2025 பிரவுன்லோ அவருக்கு. வில் ஆஷ்கிராஃப்ட் 2023-இல் முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்து ஒரு வருஷம் போல வெளியே இருந்தார். திரும்பி வந்து 2024 இறுதியாட்டத்திலும் 2025 இறுதியாட்டத்திலும் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் மெடல். தசை சும்மா சும்மா இழுத்துக்கொள்ளும் பையன் என்றால் மட்டும் நான் யோசிப்பேன். ஒரு பெரிய காயம் என்பது வேறு, ஓயாத சின்னக் காயம் என்பது வேறு.

கிளாசிக் ஆடுகிறவர்களுக்கு

உங்களுக்கு எதிர்காலமெல்லாம் வேண்டாம். முதல் சுற்றிலிருந்து தொடர்ந்து ஆடுகிற மலிவான ஆள் வேண்டும். விலை ஏறியதும் விற்று, பெரிய ஆளை வாங்குவதுதான் ஆட்டம். இங்கே இவர்களைக் கேஷ் கவ் என்பார்கள், நம் ஊர்ப் பேச்சில் கறவை மாடு. முதல் சில பிக்குகளில் போன பையன்களுக்கு விலையும் கூடத்தான் இருக்கும். 60-வது பிக்கும், கிளப்பின் முதன்மைப் பட்டியலுக்கு வெளியே ரூக்கி பட்டியலில் வந்தவனும் அடிமட்ட விலை. அதனால் 18 வயதுக்காரனைவிட, மாநில லீக்கில் நாலைந்து வருஷம் அடிபட்டு 22, 23 வயதில் எடுக்கப்பட்டவன் பல சமயம் மேல். டிம் கெல்லி 23 வயதில் 24-வது பிக்காக ஜீலாங்குக்கு வந்தவர். உடனே ஆடினார், இரண்டாவது சீசனான 2019-இல் ஆல்-ஆஸ்திரேலியன்.

பையனுக்கு எந்த இடம் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். நடுக்களத்தில் ஆடிக்கொண்டே பட்டியலில் ஃபார்வர்ட் என்றும் இருப்பவன் கிடைத்தால் விடாதீர்கள், முன்வரிசையில் புள்ளி சேர்க்கும் ஆட்கள் எப்போதும் பஞ்சம்.

கடைசியாக, அணியை ஜனவரியிலேயே பூட்டிவிட வேண்டாம். பிப்ரவரி கடைசியில் வரும் பயிற்சி ஆட்டங்களைப் பாருங்கள். அப்போதும் அதே நோட்டு, அதே நாலு கட்டம்தான். கிளப்பின் பெரிய ஆட்கள் களத்தில் இருக்கும் முதல் பாதியில் பையன் எங்கே நிற்கிறான் என்று மட்டும் எழுதுங்கள். இரண்டாம் பாதியில் பெரியவர்கள் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகு அவன் எடுக்கிற 12 டிஸ்போசலை என் நோட்டில் நான் அடித்துவிடுவேன்.